காவிரிப் படுகையில் கூரை ஆன்டெனா

கூரை ஆன்டெனா என்பது அலைபரப்பிக் கோபுரத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலைகளை வாங்கிப் பெட்டிக்கு அனுப்ப, வீட்டின் மேல் நிறுத்தப்படும் அலுமினியக் கம்பிகளாலான கருவி. நூல்களில் இது அலைவாங்கி என்று எழுதப்பட்டாலும், தஞ்சை, திருவாரூர், நாகை மக்களின் வாயில் என்றும் ஆன்டெனாதான். இப்பகுதியில் இதன் வரலாறு பிற மாவட்டங்களின் வரலாற்றிலிருந்து சற்று வேறுபட்டது. இங்கு 1980களின் தொடக்கத்தில் எழுந்த ஆன்டெனாக்களில் பல, சென்னையை நோக்கி நிற்கவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையை நோக்கி நின்றன.

கடல் கடந்து வந்த படம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. சென்னையிலிருந்து தஞ்சாவூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. அலைபரப்பியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். வாங்கும் கம்பத்துக்கும் இப்படியே கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர், 9 மீட்டர் கம்பத்துக்கு 12 கிலோமீட்டர், ஆக மொத்தம் 53. படுகைக்குச் சென்னைப் படம் கிடைக்காததற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 அன்றும், ஜப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்றும் தொடங்கின. ரூபவாகினியின் முதன்மை அலைபரப்பி அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டது. மேற்சொன்ன கணக்கின்படி அந்த அலை எட்டக்கூடியது 206 கிலோமீட்டர். வேதாரண்யமோ அங்கிருந்து 380 கிலோமீட்டருக்கு மேல், தஞ்சாவூர் 450 கிலோமீட்டருக்கு மேல். பிறகு எப்படிப் படம் வந்தது? இடையில் இருந்த கடல்தான் காரணம். கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்றும் அதன்மேல் வெப்பமான உலர்காற்றும் அடுக்காகப் படியும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் கீழ்நோக்கி வளைந்து, குழாய்க்குள் செல்வதுபோல் நெடுந்தொலைவு போகும். காற்று அடங்கிய கோடை இரவுகளில் இது நன்றாக நிகழும். காற்றோ மழையோ வந்து அந்த அடுக்கைக் கலைத்துவிட்டால் திரையில் புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். நேற்றுத் தெளிவாகத் தெரிந்த படம் இன்று ஏன் தெரியவில்லை என்று ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களின் கையில் பிழை ஏதும் இல்லை. பிழை வானிலையில் இருந்தது.

வடக்கே வன்னியில் கொக்காவிலில் இருந்த கோபுரம் இன்னும் அருகில் இருந்தது. வேதாரண்யத்திலிருந்து 140 கிலோமீட்டருக்குள். போரில் 1990இல் அது அழிந்தது. அதே இடத்தில் 174 மீட்டர் உயரப் புதிய கோபுரம் 2011இல்தான் திறக்கப்பட்டது.

இரு நாடுகளும் பால் என்னும் ஒரே வண்ண முறையைப் பின்பற்றியதால், சென்னையில் செய்யப்பட்ட டயனோரா, சாலிடேர் பெட்டிகளிலேயே இலங்கைப் படம் தெரிந்தது. சிங்கள நிகழ்ச்சிகளுக்கு இடையே வந்த தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளுமே இங்குள்ளவர்களுக்கு முக்கியம். இதைப் பொழுதுபோக்கு ஆசை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. தன் மொழியில் பேசும் தொலைக்காட்சி, சொந்த மாநிலத் தலைநகரிலிருந்து வருவதற்கு முன்பே அயல்நாட்டிலிருந்து வந்தது என்பது படுகை மக்களின் வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

ஆன்டெனா திசை மாறியது

1984இல் தூர்தர்ஷன் நாடெங்கும் சிறு அலைபரப்பிகளை மிக விரைவாக நிறுவியது. பெரும்பாலானவை 100 வாட் திறன் கொண்டவை. நகரத்தையும் அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரையும் தாண்டாதவை. தொடக்கத்தில் அவை செயற்கைக்கோள் வழியாகத் தில்லி நிகழ்ச்சிகளையே வாங்கி மறு ஒளிபரப்புச் செய்தன. ஆகவே நகரத்தில் தெளிவான இந்திப் படம், கடல் வழியே மங்கலான தமிழ்ப் படம் என்ற நிலை சில காலம் நீடித்தது. ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்களை இரு திசைகளில் கட்டியவர்களும் உண்டு.

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையிலிருந்து உயர்திறன் ஒளிபரப்பு வந்தபின் ஆன்டெனாக்கள் தென்கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பின. தஞ்சாவூருக்குக் கொடைக்கானல் 190 கிலோமீட்டர், எல்லைக்கோட்டில் நிற்கும் தொலைவு. நாகப்பட்டினத்துக்கு 260 கிலோமீட்டர். அதனால் கிழக்கே போகப் போகக் கம்பத்தின் உயரமும் கூடியது, பூஸ்டர் இல்லாத வீடும் அரிதானது. 1995இல் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது.

அக்காலத்துப் பழுதுநீக்கம்

பழைய ஒளிபரப்பில் ஒரு வசதி இருந்தது. கோளாறு என்ன என்பதைப் படமே சொல்லிவிடும். பனி பெய்வதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அலை வலுவின்றி இருக்கிறது. ஒரே முகம் இரட்டையாகத் தெரிந்தால், நேரே வரும் அலையோடு ஏதோ கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்கிறது. குறுக்கே கோடுகள் ஓடினால் அருகில் மோட்டாரோ பழுதான டியூப் லைட்டோ இருக்கிறது. பம்ப்செட்டுகள் நிறைந்த வயல் பகுதியில் இந்த மூன்றாவது வகைக்குக் குறைவில்லை. ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவர் பெட்டியைப் பார்த்து, நடுவில் ஒரு சிறுவன் "தெரியுது", "போச்சு" என்று குரல் கொடுக்க, மூவரும் சேர்ந்து செய்த வேலை அது.

பூஸ்டரைப் பற்றி அன்றும் இன்றும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது இல்லாத அலையை உண்டாக்குவதில்லை. வந்த அலையையும் அதனோடு கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டியே அதைப் பொருத்த வேண்டும். பெட்டியின் பக்கத்தில் வைத்தால், நீண்ட கம்பியில் அலை தேய்ந்து வந்தபிறகு பெருக்குவதாகிவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் திருகுகள் பூத்துப்போய், அலுமினியக் கம்பிக்கும் இணைப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும். திசை சரியாக இருந்தும் படம் மங்கிய வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் கேபிளின் முனை வழியாக நீர் இறங்குவது இன்னொரு தொல்லை.

எண்முறைக் காலம்

தூர்தர்ஷனின் கட்டணமில்லா டி.டி.எச். சேவை 2004 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. இன்று அதன் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ். நிலக் கோபுரத்திலிருந்து டி.வி.பி. டி2 என்னும் எண்முறை ஒளிபரப்பு 2016இல் 16 நகரங்களில் வந்தபோது, அந்தப் பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது சென்னை மட்டுமே. தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2017இல் எண்முறைக்கு மாறி செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. பழைய முறை நில ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்திவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. இவ்வாறு, படுகையின் பெரும்பாலான வீடுகளுக்கு எண்முறைப் படம் கூரைக் கம்பி வழியாக வராமல், கிண்ண ஆன்டெனா வழியாகவோ கேபிள் வழியாகவோ வந்து சேர்ந்தது.

இம்மாற்றத்தின் விலை 2020இல் தெரிந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு வகுப்பறை. அரசு கேபிளில் 200ஆம் அலைவரிசை. கூரை ஆன்டெனா மட்டும் உள்ள வீட்டில் அது தெரியாது. மாத வாடகை கட்ட முடியாதவர்களே அந்த ஆன்டெனாவை வைத்திருந்தவர்கள் என்பதை நினைத்தால், பாடம் யாரைச் சென்றடையாமல் போனது என்பது விளங்கும்.

எண்முறையில் கோளாறு கண்டறிவது கடினம். அலை தேவையான அளவுக்கு மேல் இருக்கும்வரை படத்தில் எந்தக் குறையும் தெரியாது. அதற்குக் கீழே போனதும் படம் கட்டம் கட்டமாக உடையும், உறையும், பிறகு அடியோடு மறையும். பழைய பெட்டியில் மங்கலாகவேனும் பார்க்கலாம். இதில் அந்த இடைநிலை இல்லை. செட்டாப் பாக்ஸின் திரையில் அலையின் வலிமை, தரம் என இரண்டு அளவுகள் காட்டப்படும். பார்க்க வேண்டியது தரத்தை. கிண்ணம் வேறு திசையில் இருந்தாலும் வலிமை அதிகமாகக் காட்டக்கூடும்.

டி.டி. ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில், தலைக்கு மேல் என்று சொல்லும்படியாக இருக்கிறது. எனவே தொலைவிலுள்ள மரம் மறைக்காது. வீட்டை ஒட்டி நிற்கும் தென்னைதான் மறைக்கும். கிண்ணம் வைத்தபோது குட்டையாக இருந்த தென்னை, நான்கைந்து ஆண்டுகளில் மட்டையை நடுவே நீட்டியிருக்கும். காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் காரணம் அநேகமாக இதுவே. பலத்த மழையில் சிறிது நேரம் படம் மறைவதும், மார்ச், செப்டம்பர் மாதங்களில் சில நாள்கள் முற்பகலில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிடங்கள் தடைப்படுவதும் பழுதல்ல. அப்போது கிண்ணத்தைத் திருப்பினால்தான் பழுது.

2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு புதிதாகக் கிண்ணம் வைத்தவர்கள் பலர். பழைய ஆன்டெனாவின் நெடிய பைப் நிற்கும் இடங்களில் கிண்ணத்தை அதன் உச்சியிலேயே மாட்டும் வழக்கமும் உண்டு. உயரம் கூடினால் படம் தெளியும் என்பது ரூபவாகினிக் காலத்துப் பாடம். கிண்ணத்துக்கு அது பொருந்தாது. மெல்லிய பைப் காற்றில் ஆடும். 60 சென்டிமீட்டர் கிண்ணம் இரண்டு பாகை விலகினாலே படம் போய்விடும். தென்கிழக்கு வானம் மறைவின்றித் தெரிந்தால், மொட்டைமாடித் தரையில் சிமென்ட் வைத்து முழங்கால் உயரத்தில் பதித்த கிண்ணமே நன்றாக வேலை செய்யும்.