படகணை

தமிழ்ப் பெருமை பேசும் மேடையில் கப்பல் என்ற பேச்சு எழுந்தால் அடுத்து வரப்போவது என்ன என்று கேட்பவர்களுக்கே மனப்பாடம். ‘நம் நங்கூரம்தான் வெள்ளைக்காரன் வாயில் ஆங்கர் ஆனது’ என்பார் பேச்சாளர். கைதட்டலும் விழும். கிரேக்கத்தில் ‘அங்குரா’, இலத்தீனில் ‘அங்கோரா’, அதிலிருந்து ஆங்கிலம் என்று அந்தச் சொல் நடந்துவந்த வழி ஐயத்துக்கு இடமில்லாமல் கிடக்கிறது. வளைவைக் குறிக்கும் அடியில் பிறந்த சொல் அது. கணுக்காலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆங்கிள்’ அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. நங்கூரமோ பாரசீக ‘லங்கர்’ வழி வந்தது. இந்தியிலும் தெலுங்கிலும் லகரம் அப்படியே நிற்கிறது. லகரத்தை மொழிக்கு முதலில் விடாத தொல்காப்பிய மரபு நம்முடையது, அதனால் இங்கே நகரமாகி உள்ளே நுழைந்தது. கதை அவ்வளவுதான்.

இரவல் சொல் வருமுன் தமிழன் கப்பலை எதைக்கொண்டு நிறுத்தினான்? கல்லைக்கொண்டு. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் கயிறு அறுந்து, பாய் கிழிந்து, பாய்மரம் அடியோடு முறிந்து சுழியில் அகப்பட்ட நாவாய் ஒன்றைக் காட்டுகிறார். அங்கே வரும் கல்லை நங்கூரக் கல்லாகக் கொள்ளும் உரை மரபு உண்டு. கிரேக்கனும் அப்படித்தான். ஹோமரின் காவியங்களில் கப்பலைக் கட்டி நிறுத்துவது கல், ‘அங்குரா’ அன்று. இரண்டு பழைய கடலோடி இனங்களும் கல்லோடு தொடங்கி, பிறகு வெவ்வேறு வழியில் கொக்கிக்கு வந்து சேர்ந்தன.

மேடையில் ஆங்கரைக் கொண்டாடும் அதே கூட்டம் இன்னொன்றும் சொல்லும். எரிச்சலூட்டுவது அதுதான். ‘ஃபெண்டருக்குத் தமிழில் சொல்லே கிடையாது’ என்பார்கள். இல்லாத உறவை ஆங்கரோடு கொண்டாடிவிட்டு, கையில் இருக்கும் சொல்லைக் கோட்டைவிடுவது ஒரு தனிக் கலை.

ஃபெண்டர் என்றால் என்ன? சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகள் இரண்டு மூன்று வரிசையாக நிற்கும் இடத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு படகின் விலாவிலும் பழைய டயர்கள் கயிற்றில் தொங்கும். அலை தூக்கும்போது படகு துறைச் சுவரை நோக்கிச் சாயும், டயர் நசுங்கும், ‘கிரீச்’ என்று ஒரு முனகல் வரும், படகு விலகும். இது இரவு பகலாக நடக்கிறது. டயர் இல்லாத இடத்தில் முதலில் பெயின்ட் போகும், பிறகு மரப்பலகையின் விளிம்பு நார்நாராகப் பிரியும். ஃபைபர் படகென்றால் மேற்பூச்சு தேய்ந்து கண்ணாடியிழைக்குள் தண்ணீர் இறங்கும். டயரைத் தூக்கிப் பிடிக்கும் கயிறும் தப்பாது. படகின் மேல்விளிம்பில் மடியும் இடத்தில்தான் அது முதலில் அறும். விவரம் தெரிந்தவர்கள் அந்த மடிப்பில் ஒரு கந்தைத் துணியைச் சுற்றிவைப்பார்கள். காப்புக்கே ஒரு காப்பு.

ஆங்கிலச் சொல் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ‘டிஃபெண்டர்’ என்பதன் தலையை வெட்டினால் ‘ஃபெண்டர்’. காப்பான் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. பிரெஞ்சுக்காரர் ‘தெஃபான்ஸ்’ என்பதும் ஸ்பானியர் ‘தெஃபென்சா’ என்பதும் அதே இலத்தீன் வேரில் கிளைத்தவை. இத்தாலியர் கொஞ்சம் யோசித்து, விலாவைக் காப்பது என்று பொருள்பட ‘பராபோர்தோ’ என்றார்கள். கப்பலின் மூக்கில் கட்டும் தடித்த கயிற்றுப் பொதியை ஆங்கில மாலுமி ‘புட்டிங்’ என்று தின்பண்டத்தின் பெயரால் அழைக்க, டச்சுக்காரன் ‘இகுவானா’ என்னும் பெரும்பல்லியின் பெயரால் ‘லெகுவான்’ என்றான். இவற்றையெல்லாம் விடப் பொருத்தமானது டச்சில் வழங்கும் இன்னொரு சொல். ‘ஸ்டோட்குசன்’. மோதல் மெத்தை. மோதலைத் தடுப்பது இதன் வேலை அன்று, மோதலை வாங்கிக்கொள்வதுதான் வேலை என்பது அந்த மொழிக்கு விளங்கியிருக்கிறது.

தமிழுக்கு அது முன்பே விளங்கியிருந்தது. அந்தச் சொல் அணை.

தலையணை, பஞ்சணை, திருமால் படுத்திருக்கும் அரவணை, அரசன் ஏறும் அரியணை, கைக்குழந்தைக்கு அடியில் விரிக்கும் அணையாடை எல்லாவற்றிலும் அணை என்பது உடம்பின் கனத்தை வாங்கிக்கொள்ளும் மெத்து. வினையாக வரும்போது சேர்வது, நெருங்குவது, தழுவுவது. படகு கரையை அணைகிறது. தாய் பிள்ளையை அணைக்கிறாள். பேருந்து நடத்துனர் ‘ஓரமா அணைச்சு நிறுத்து’ என்கிறார். பால் கறக்கும்போது பசுவின் காலைக் கட்டும் கயிறு அணைகயிறு. அண்மை, அண்டு, அணுகு, அணி எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். விளக்கை அணைப்பது மட்டும் இந்தக் குடும்பத்தில் எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய வழக்கு. அவித்தல் என்ற சொல் அமங்கலமாகப் பட்டவர்கள் செய்த வேலையாகத்தான் அது இருக்க வேண்டும். அணைத்தலும் போதாது என்று ‘மலையேற்று’, ‘குளிரவை’ என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டே!

இனி இலக்கியச் சான்று. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய பஃறி என்னும் படகுகளைக் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிக்கரையில் கட்டுகிறார். லாயத்துக் குதிரைகளைக் கட்டினாற்போலக் கட்டியிருக்கின்றன. எதில் கட்டியிருக்கின்றன என்பதற்கு அவர் ஆளும் சொல் அணை. கட்டுத்தறி என்பது அதற்கு உரை. அதே பாட்டில் பின்னால் கொடியசையும் நாவாய்கள், கட்டிய தூணை அசைக்கும் யானைகளைப்போல் துறையில் ஆடிக்கொண்டிருக்கின்றன. கட்டிய கப்பல் சும்மா நிற்காது, இழுக்கும், இடிக்கும் என்பதைக் கவி பார்த்திருக்கிறார். படகு வந்து சேரும் இடத்துக்கு அணை என்று ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழைய துறைமுகப் பாட்டிலேயே பெயர் இருக்க, இதற்குமேல் என்ன வேண்டும்? ‘அது தறி, மெத்தை அன்று’ என்பார்கள். தறியில் உராயாமல் எந்தப் படகு நின்றது?

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் இந்த அணையே போயிருக்கிறது. யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ‘அனிகட்’ இருக்கிறது. நம் அணைக்கட்டு. ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டியதை ஆங்கிலப் பொறியாளர்கள் ‘அப்பர் அனிகட்’ என்றே எழுதினார்கள். ஆங்கரைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் இதை ஏன் மேடையில் சொல்வதில்லை?

அதே அகராதியில் இன்னொரு சொல்லும் உண்டு. ‘காயர்’. கயிறு என்ற நம் சொல்லையும் மலையாளத்துக் கயரையும் சேர்த்தே காட்டி, சொல்லின் சரியான பொருள் கயிறுதான், நார் அன்று என்று திருத்தமும் சொல்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் அதை ‘கைரோ’ என்றார்கள். எகிப்துத் தலைநகருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தமிழா மலையாளமா என்று சண்டை போடுவது வீண். கோழிக்கோட்டில் இறங்கியவன் நாகப்பட்டினத்து உச்சரிப்பையா எடுத்துக்கொண்டு போவான்? நாருக்கு நாஞ்சில் நாட்டிலும் ஈழத்திலும் தும்பு என்று தனிப்பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்த நாரால் செய்த துடைப்பம் தும்புத்தடி. நாரையும் கயிற்றையும் குழப்பியது ஐரோப்பியனின் கைவண்ணம்.

இந்தக் கயிற்றுக்கும் அணைக்கும் உறவு நெருக்கமானது. தேங்காய் மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்து முறுக்கிய கயிறு உப்புநீரில் எளிதில் மக்காது, மிதக்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். நாரை உள்ளே திணித்து, மேலே கயிற்றால் பின்னிய பொதிகளைப் பிரிட்டிஷ் கடற்படையே ‘காயர் ஃபெண்டர்’ என்று விலாவில் தொங்கவிட்டது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே அரபு உலகத்துக்கு இந்தக் கயிறு தெரியும். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி மாலத்தீவுப் பக்கத்துத் தீவுகளில் ஒரு பகுதியைக் கயிற்றின் பெயராலேயே குறித்தார், அந்தக் கயிற்றால் கப்பல் தைப்பார்கள் என்றும் எழுதினார். 1343-இல் மாலத்தீவுக்கு வந்த இபன் பதூதா, ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் நொறுங்கும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்கிறார். துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னையில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டி இறக்கிய மசூலா படகும் கயிற்றால் தைத்ததுதான். மணலில் தூக்கி எறியப்படும்போது முழுப் படகுமே அணையாகிவிடும்.

பிற்கால வரலாறு சுருக்கமானது, கொஞ்சம் அருவருப்பானதும்கூட. நடுக்கடலில் இரண்டு திமிங்கல வேட்டைக் கப்பல்கள் ஒட்டி நிற்க வேண்டியிருந்தால் பிடித்த திமிங்கலத்தின் உடலையே நடுவில் மிதக்கவிட்டார்கள். அதற்கு மாற்றாக 1958-இல் ஜப்பானின் யோக்கஹாமா ரப்பர் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் உருளையைச் செய்தது. இன்று எண்ணெய்க் கப்பல்களுக்கு நடுவே மிதப்பவை அதன் வாரிசுகள். காசிமேட்டு டயர் ஏழையின் யோக்கஹாமா.

எதிர்ப்புகளில் பதில் சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்று. அணை என்றால் மேட்டூர் நினைவுக்கு வராதா என்கிறார்கள். தலையணை வாங்கப் போகிறவருக்கு மேட்டூர் நினைவுக்கு வருகிறதா? முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. படகின் விலாவில் தொங்குவது படகணை, துறைச் சுவரில் பதித்திருப்பது துறையணை. ‘மோதல் தடுப்பான்’, ‘உராய்வுத் தாங்கி’ என்று நாலு நாலு அசையாகக் கலைச்சொல் அடுக்குகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை துறையில் நின்று கூவிப் பார்க்கட்டும். படகு வந்து சேர்வதற்குள் ‘அணையைப் போடு’ என்று சொல்லி முடித்துவிடலாம். அவர்கள் சொல்லை முடிப்பதற்குள் பலகை உடைந்துவிடும். அடுத்த துறைமுகக் கலைச்சொல் தொகுதியில் ஃபெண்டருக்கு நேரே படகணை, துறையணை என்ற இரண்டையும் தொகுப்பாளர்கள் ஏற்ற வேண்டும்.