மாரியிலும் வற்றல் போடலாம்: மல்டி குக்கரின் தட்டுகளில் உணவை உலர்த்தும் முறை

வடக்கு, கிழக்கில் ஐப்பசி முதல் தை வரை வற்றல் போடுவது ஒருவகைச் சூதாட்டம். காலையில் வெயில் எறிக்கும், மத்தியானம் மழை இருட்டும். சுளகில் கிடக்கும் பாகற்காய் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

உணவை உலர்த்துவது எங்கள் சனத்துக்கு வாய் ருசிக்காக மட்டும் செய்த வேலை அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையும் மின்சாரம் இல்லாத வாழ்வும் ஒன்றாக வந்தபோது ஒடியலும் புழுக்கொடியலும் கருவாடும் வற்றலும்தான் பல வீடுகளைத் தாங்கின. இன்று அதே வேலையைச் செய்யும் மின் அடுப்புகள் வெளிநாட்டு உறவுகளின் பொதிகளில் வந்து இறங்குகின்றன. அவித்தல், பொரித்தல், சுடுதல் என்று பல வேலை செய்யும் இந்த மல்டி குக்கர்கள் சிலவற்றில் ‘டீஹைட்ரேட்’ என்றொரு பொத்தானும் இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பார்த்து, உதவும் என்று நான் கண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் மின் அழுத்தம்

கனடா, அமெரிக்காவில் வாங்கிய அடுப்பு 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. இலங்கையில் வருவது 230 வோல்ற். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் வெப்பக் கம்பி தாங்கவேண்டிய சக்தி மூன்றரை மடங்குக்கு மேல் போகும். அடுப்பு எரியும், வீடும் எரியலாம். மின்மாற்றி வைத்துப் பாவிக்கலாம் என்றால், 1500 வோற் அடுப்புக்கு 2000 வோற் அளவுள்ள பாரமான மின்மாற்றி வேண்டும். அந்தக் காசுக்கு இங்கேயே ஓர் அடுப்பு பார்க்கலாம். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் இருந்து வருபவை அழுத்தத்தில் பொருந்தும். ஆனாலும் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் 220–240 வோல்ற் என்று இருக்கிறதா என்று வாசித்துவிட்டே செருகுங்கள்.

பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்பொயின்ரில் இதைப் போடக்கூடாது. 1500 வோற் அடுப்பு ஆறரை அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பொயின்ரே வேண்டும்.

எந்த மூடி, எத்தனை தட்டு

உலர்த்த இரண்டு காரியம் வேண்டும்: மிதமான சூடு, ஓடுகின்ற காற்று. காற்றாடி இருப்பது பொரிக்கும் மூடியில்தான். அழுத்த மூடியைப் போட்டால் ஆவி உள்ளேயே நிற்கும், உணவு அவிந்துவிடும். காற்றாடி இல்லாத சாதாரண அழுத்தக் குக்கரில் இந்த வேலை நடக்காது.

அடுப்போடு வரும் கூடை ஒரு படை உணவுக்கே போதும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கம்பித் தட்டுகளைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். உங்கள் அடுப்பின் மாதிரி எண்ணுக்கும் லீற்றர் அளவுக்கும் பொருந்துவதையே வாங்குங்கள். மேல்தட்டு காற்றாடியையோ வெப்பக் கம்பியையோ தொடக்கூடாது.

துண்டுகளை ஒரே படையாக, ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். தட்டில் கடதாசி விரித்து ஓட்டைகளை அடைக்க வேண்டாம். மேல்தட்டு முதலில் காயும் என்பதால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தட்டுகளை மேல்கீழ் மாற்றுங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிப்பில் இருப்பது முக்கியம். அரைச் சென்ரிமீற்றர் நல்ல அளவு.

வெப்பமும் நேரமும்

நிஞ்ஜா ஃபூடி வகை அடுப்புகளில் உலர்த்தும் வெப்பத்தை ஏறத்தாழ 40 முதல் 90 பாகை செல்சியஸ் வரை வைக்கலாம். நான் வைக்கும் அளவுகள் இவை:

- கறிவேப்பிலை, முருங்கை இலை: 40–45 பாகை, 2 முதல் 4 மணித்தியாலம்.
- பாகற்காய், கத்தரிக்காய் (உப்பும் மஞ்சளும் பிரட்டியது): 55 பாகை, 6 முதல் 8 மணித்தியாலம்.
- தக்காளி: 57 பாகை, 8 முதல் 10 மணித்தியாலம்.
- மாம்பழம்: 57 பாகை, 6 முதல் 10 மணித்தியாலம்.
- தயிரில் ஊறிய மோர்மிளகாய்: 57 பாகை, 10 மணித்தியாலம் வரை. மீண்டும் ஊறவைத்தால் மீண்டும் காயவைக்க வேண்டும்.

கெதியாக முடியட்டும் என்று சூட்டைக் கூட்டாதீர்கள். வெளித்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். பார்வைக்குக் காய்ந்தது போலிருக்கும், போத்தலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்ததா?

ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டே பாருங்கள், சூட்டில் எதுவும் மெதுவாகத்தான் இருக்கும். இலை கையில் நொறுங்க வேண்டும். காய்வற்றல் சத்தத்தோடு உடைய வேண்டும். மாம்பழம் வளையலாம், ஆனால் கிழித்து அமத்தினால் ஈரம் கசியக்கூடாது.

பழவற்றலை நன்றாக ஆறவிட்டு, கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி, ஒரு கிழமை நாளுக்கொருமுறை குலுக்குங்கள். கண்ணாடியில் நீர் அரும்பினால் திரும்ப அடுப்பில் வையுங்கள். பூஞ்சணம் கண்டால் முழுவதையும் எறியுங்கள். மிளகாய், கச்சான், தானியம் போன்றவற்றில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. பழுதான துண்டை மட்டும் பொறுக்கி எறிவது காவல் அல்ல.

இறைச்சி, மீன்

குறைந்த சூட்டில் பச்சை இறைச்சியை மணிக்கணக்கில் வைப்பது கிருமிகளுக்கு விருந்து. மாட்டிறைச்சி என்றால் உட்புறம் 71 பாகைக்கும், கோழி என்றால் 74 பாகைக்கும் சூடேறும்வரை முதலில் சமைத்து, பிறகே உலர்த்த வேண்டும். கருவாட்டை உப்புக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவதே நல்லது. குசினி மணப்பதும் மிச்சம்.

மின்வெட்டும் மின்கட்டணமும்

இடையில் மின்சாரம் நின்றால் மூடியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்து, மின்விசிறியோ காற்றோ படும் இடத்தில் துணியால் மூடி வையுங்கள். நேரம் நீண்டால், பாதி காய்ந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த நாள் தொடரலாம். புளித்த மணம் வந்தால் எறியுங்கள்.

அடுப்பு விட்டுவிட்டே சூடேறும் என்பதால் முழு 1500 வோற்றும் எந்நேரமும் ஓடாது. வேறு எதையும் போடாமல் தொடக்கத்திலும் முடிவிலும் மீற்றரைப் பார்த்தால் உங்கள் செலவு தெரிந்துவிடும். இலங்கையில் அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முக்கிய காரணம் ஒன்று உண்டு. வற்றல், வடகம் விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். என் ஆறு லீற்றர் அடுப்பில் ஒரு தடவைக்கு அரைக் கிலோ வெட்டிய பாகற்காய்தான் கொள்ளும். பாகற்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கடைசியில் கையில் வருவது 40 கிராம் அளவு வற்றல். எட்டு மணித்தியால மின்சாரத்தைக் கழித்தால் விற்பனைக்கு மிஞ்ச ஒன்றுமில்லை. நுண்கடன் எங்கள் ஊர்களில் செய்த அழிவு தெரிந்ததே. இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம்.

வீட்டுத் தேவைக்கும், மழைக்குள் அகப்பட்ட பாதி காய்ந்த வடகத்தைக் காப்பாற்றவும், வெயில் காணாத ரொறன்ரோ, லண்டன் குளிரில் மோர்மிளகாய் போடவும் இந்தத் தட்டுகள் பெறுமதியானவை. பங்குனி, சித்திரை வெயில் எறிக்கும் ஊரில் இருப்பவருக்குப் பாயும் சுளகும் போதும்.