பொறியின் நேரம்

தமிழில் ‘பொறி’ என்னும் சொல் தீத்துளியையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். பெட்ரோல் எஞ்சினில் இவ்விரு பொருளும் கூடுமிடம் ஒன்றுண்டு. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு மூடி, அதிலிருந்து கிளம்பும் ஐந்து தடித்த கம்பிகள், உள்ளே சுழலும் ஒரு சிறு கை. மெக்கானிக்குகள் இதை டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள். பெரியப்பா விட்டுச்சென்ற பழைய அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டரைச் சீர்செய்ய முனைந்தபோதுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் பொறியை உண்டாக்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. உரிய கணத்தில் உண்டாக்குவதே பாடாக இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் சிலிண்டருக்கு ஒரு காயில். ஒவ்வொன்றும் வண்டுபோல் ரீங்கரித்துப் பொறிகளைச் சரமாகக் கொட்டும். அவற்றில் எந்தப் பொறி பற்றவைத்தது என்று யாராலும் சொல்ல இயலாது. 1902இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய மேக்னெட்டோ துல்லியமானது. ஆனால் விலை அதிகம், கையால் சுற்றிக் கிளப்பும் மெதுவான வேகத்தில் அதன் பொறியும் மெலிந்துவிடும்.

இங்குதான் சார்லஸ் கெட்டரிங் (1876–1958) வருகிறார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பு தடைபட்டு, 1904இல்தான் பட்டம் பெற்றார். டேட்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் கடைகளின் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியது அவருடைய முதல் சாதனை. வேலை முடிந்தபின் எட்வர்ட் டீட்ஸ் என்பவரின் வீட்டுக் கொட்டிலில் நண்பர்களோடு கூடிக் கார்களுக்கான மின்சாதனங்களைச் செய்தார். 1909இல் டெல்கோ நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. அவர்களுடைய பற்றவைப்பு முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக்கில் இடம்பெற்றது. 1912ஆம் ஆண்டின் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டரும் பாட்டரியை ஊட்டும் டைனமோவும் சேர்ந்தன.

கெட்டரிங் வழியில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே காயில் போதும். அதில் ஓடும் மின்னோட்டத்தை அறுக்கும் கணமே பொறியின் கணம். அறுப்பது சி.பி. பாயிண்ட் என்னும் இரு சிறு உலோக முனைகள்; அங்கே தீப்பறந்து முனைகள் கருகாமல் காப்பது கண்டென்சர். அறுந்தவுடன் காயிலின் காந்தப் புலம் சரிய, பன்னிரண்டு வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாக எழும். சுழலும் ரோட்டார் அதை முறைப்படி பகிர்ந்தளிக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு நூறு பொறிகள். 1970களில் மின்னணுச் சாதனங்கள் இடம்பிடிக்கும்வரை உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்களை இந்த முறையே ஓட்டியது.

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் 1489 சி.சி. எஞ்சினுக்கு வாய்த்தது லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961இல் தொடங்கியபின் இத்தகைய சாதனங்கள் நம் ஊரிலேயே உருவாயின.

மூடியைத் திறந்ததும் பாயிண்டின் ஒரு முனையில் சிறு குன்றும் மறு முனையில் அதற்கேற்ற குழியும் கண்டேன். உலோகம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் குடிபெயர்ந்திருந்தது. கண்டென்சர் பழுதென்பதற்கு அது அடையாளம். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் வேலை முடிந்ததாகாது. முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நடுத்தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், எத்தனை முறை அளந்து வைத்தாலும் அந்த இடைவெளி நிற்காது. ஆகவே முதலில் புஷ், பிறகே பாயிண்ட். இந்த வரிசையை அறிய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின.

அடித்தட்டின் கீழே இரு சிறு எடைகளும் இரு ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து பொறியை முந்தவைக்கும். ஸ்பிரிங்குகளில் ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. இதை யாரோ பிழையென்று கருதி இரண்டையும் ஒரே அளவில் மாட்டியிருந்தார்கள். ஏடு பெயர்த்தெழுதியவர் புரியாத பாடத்தைத் தமக்குப் புரிந்ததாகத் திருத்திவிடுவதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள். நல்ல வேளையாக, லூகாஸ் உடலில் எண்ணும் தயாரித்த வாரமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டு உரிய ஸ்பிரிங்கைத் தேடலாம்.

பாயிண்டை எறிந்துவிட்டு மூடிக்குள் தெரியாமல் மின்னணுத் துண்டு வைத்துக்கொள்ளும் வசதியும் இப்போது உண்டு. நாள்தோறும் வண்டி ஓட்டுபவரை நான் குறைசொல்ல மாட்டேன். மீட்டெடுத்தேன் என்று மட்டும் அவர் சொல்லக்கூடாது.

இறுதியில் டைமிங். பழைய கையேட்டின் அளவுப்படி சோதனை பல்பு எரியும் புள்ளியில் வைத்தேன். வண்டி மேட்டில் திணறியது. எழுபது வயது மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். “அந்தப் புத்தகம் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு எழுதினது சார்” என்றவர், எஞ்சினை ஓடவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இரு விரலால் நூலளவு திருப்பினார். ஓசை மாறியது. மீண்டும் சற்றுத் திருப்பிக் காது கொடுத்தார். பிறகு போல்ட்டை முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.