அகீக் மணியின் நெடும்பயணம்

நம் இளைய மகள் சில மாதங்களாக மணி கோப்பதில் பெரிதும் நாட்டங் கொண்டிருக்கிறாள். அஸர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் பாயை விரித்து, சிறு கிண்ணங்களில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்த மணிகளைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு, ஊசியும் நூலுமாக அமர்ந்துவிடுவாள். ஒரு மாலை நிறைவுற்றதும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். மனத்துக்கு ஒவ்வாவிடின் அவிழ்த்துவிட்டு மீண்டும் தொடங்குவாள். பொழுதுபோக்குத்தான், ஆயினும் அதில் அவள் காட்டும் பொறுமை, நம்மிடம் அரபு இலக்கணம் பயிலும் மாணவர் பலரிடத்தும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்மையில் செந்நிற அகீக் மணிகள் கொஞ்சம் வாங்கி வந்தாள். அதைக் கண்ட அண்டைவீட்டுப் பெண்மணி ஒருவர், தம் பேரக் குழந்தைக்கு அதில் ஒரு மாலை கோத்துத் தரும்படியும், விலை கொடுத்துவிடுவதாகவும் சொல்லிச் சென்றார். அன்று இரவு மகள் நம்மிடம் வந்து, “வாப்பா, இது அசல் அகீக்தானா? அகீக் போட்டால் கண்ணேறு அண்டாது என்கிறார்களே, அது மெய்தானா? அப்படிச் சொல்லி விற்கலாமா?” என்று கேட்டாள்.

வினாக்கள் மூன்று. மூன்றுக்கும் உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. சில நாள்கள் நூல்களைப் புரட்டிய பின்னர் அவளுக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து ஈண்டு எழுதுகிறோம்.

அறுந்து விழுந்த மாலை

இஸ்லாமிய வரலாற்றை அறிந்தோர் எவரும் ஒரு மணிமாலையை மறந்திருக்க இயலாது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தங்கலிடத்தை விட்டுச் சற்றே அகன்று சென்று மீண்டபோது, கழுத்தில் கிடந்த மாலை அறுந்து வீழ்ந்திருந்ததை உணர்ந்தார்கள். அதைத் தேடிச் சென்ற வேளையில், அவர்கள் உள்ளே இருப்பதாகவே எண்ணி ஒட்டகச் சிவிகையை ஏற்றிக்கொண்டு படை புறப்பட்டுவிட்டது. அதன்பின் எழுந்த அவதூறும், அதைத் துடைத்து அருளப்பெற்ற ‘சூரத்துந் நூர்’ வசனங்களும் யாவரும் அறிந்தவை. இது நிகழ்ந்தது ஹிஜ்ரி 5 என்பாரும் 6 என்பாரும் உளர்.

அந்த மாலை எதனால் ஆனது? ஸஹீஹுல் புகாரி அதையும் குறித்து வைத்திருக்கிறது: ளஃபார் நகரத்து ‘ஜஸ்உ’ மணிகளால் ஆனது. ளஃபார் என்பது யமன் நாட்டில் ஹிம்யர் மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர். ஜஸ்உ என்பது வெண்மையும் கருமையும் வரிவரியாக அமைந்த கல். செந்நிற அகீக்குக்கு உடன்பிறப்பு. இரண்டும் பளிங்கினத்தைச் சேர்ந்தவை. உள்ளே கலந்த பொருளால் நிறம் வேறுபட்டவை. விலைமதிப்பற்ற மாணிக்கமன்று, வைரமன்று, எளிய கல்மணி. அன்னையார் அதைத் தேடிச் சென்றது பொருளின் விலை கருதி அன்று என்பது தெளிவு.

மாலையொன்று தொலைந்ததால் பயணம் தடைப்பட்டு, தண்ணீரற்ற இடத்தில் தங்க நேர்ந்து, அதன் காரணமாகத் தயம்மும் பற்றிய வசனம் அருளப்பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. அந்த மாலை தமக்கையார் அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது என ஓர் அறிவிப்பு கூறும். தேடித் தேடிக் களைத்த பின் ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியிலேயே கிடந்ததாம்.

இதைச் சொன்னபோது மகள் தன் தொழிலை ஒட்டி ஒன்று கேட்டாள்: “மணிக்கு மணி முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்களா, வாப்பா?” நல்ல கேள்வி. ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சிட்டுக் கோத்தால் நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் உதிரும். மணியோடு மணி உராய்ந்து தேய்வதும் இல்லை. அந்த மாலை எவ்வாறு கோக்கப்பட்டிருந்ததென நூல்கள் கூறவில்லை. கேள்வி மட்டும் நம் நெஞ்சில் நின்றது.

கம்பாத்துக் கைவினை

அகீக் என்றதும் யமன் நாடே நம்மவர் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கல்லின் மற்றொரு தாயகம் நம் நாட்டிலேயே உள்ளது. குஜராத்தில் நர்மதை ஆற்றை அடுத்த இரத்தன்பூர்ப் பகுதியில் இது மண்ணுக்கடியில் கிடைக்கிறது. கம்பாத் நகரில் மணியாகிறது. சிந்துவெளிக் காலத்திலேயே லோத்தல், சன்ஹுதாரோ ஆகிய ஊர்களில் மணித் தொழிற்கூடங்கள் இருந்தன. ஈராக்கில் ஊர் என்னும் பண்டைய நகரத்து அரச கல்லறைகளை 1920களில் அகழ்ந்தபோது, ஏறத்தாழ நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட செம்மணிகள் அங்கே கிடைத்தன. அவற்றுள் சிந்துவெளிக் கைவினை காணப்படுகிறது.

கல் மணியாகும் விதம் வியப்புக்குரியது. தோண்டியெடுத்த கல் பெரும்பாலும் மங்கிய மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தது. அதை நெடுநாள் வெயிலில் உலர்த்துவர். பின்னர் மண்பானைகளில் இட்டு எருமூட்டத்தில் சுடுவர். கல்லினுள் கலந்துள்ள இரும்புச்சத்து சூட்டினால் மாற்றமுற்று, மஞ்சள் செம்மையாகிறது. அடுத்து, தரையில் சாய்வாக நட்ட கூர்மையான இரும்புக் கம்பியின் முனையில் கல்லை வைத்து, எருமைக் கொம்பாலான தலையுடைய சுத்தியால் மெல்லத் தட்டிச் சிறுகச் சிறுகச் செதுக்குவர். பிறகு சாணையில் தீட்டுவர். இறுதியாகத் துளையிடல்: வில்லால் சுழற்றப்படும் துளைக்கருவியின் முனையில் வைரத் துணுக்குகளைப் பதித்து, நீர் சொட்டவிட்டு, இருபுறமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கச் செய்வர். மெருகேற்றுவதற்கு மணிகளைத் தோற்பையிலிட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து நாள்கணக்கில் உருட்டுவது பழைய வழக்கம்.

இரத்தன்பூரை அடுத்த குன்றில் பாபா கோர் என்னும் இறைநேசரின் அடக்கத்தலம் இருக்கிறது. அபிசீனியாவிலிருந்து வந்தவர் எனப்படும் அவரே இக்கல் தொழிலுக்கு மூலவர் என்பது அவ்வட்டாரத்துச் சித்தி முஸ்லிம்களும் பிறரும் போற்றும் மரபு. தொழில் அவருக்கும் நெடுங்காலம் முற்பட்டது என்று அகழ்வாராய்ச்சி காட்டினும், அதை அரபு நாடுகளுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் விரித்ததில் முஸ்லிம் வணிகர்க்குப் பெரும் பங்கு உண்டு என்ற உண்மை அம்மரபினுள் பொதிந்துள்ளது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசாவும் இக்கல்லையும் கம்பாத்தின் வேலைப்பாட்டையும் குறித்திருக்கிறார். நம் ஹாஜிகள் மக்காவின் கடைவீதியில் யமன் கல்லென்று எண்ணி வாங்கிவரும் தஸ்பீஹ் மணிகளுள் சில, குஜராத்திலிருந்து கப்பலேறிப் போனவையாக இருப்பின் வியப்பில்லை.

தமிழ் மண்ணில்

செந்நிற அகீக்கைத் தமிழ்த் தொல்லியலார் ‘சூதுபவளம்’ என்பர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் ஈமக்குழிகளிலிருந்து இம்மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. ஒரு குழியில் மட்டும் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை. இக்கல் அவ்வட்டாரத்தில் கிடைப்பதன்று. குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அருகிலுள்ள படியூரின் பச்சைக்கல்லும், பளிங்கும் அங்கே மணியாக்கப்பட்டன. முற்றுப்பெறாத மணிகளும் கிடைத்திருப்பதால், அது மணி அணிந்தோர் ஊர் மட்டுமன்று, மணி செய்தோர் ஊருமாகும். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என அணிகலனுக்குப் பெயர்பெற்ற ஊர் இதுவே என்பர்.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழாய்வு நடத்தினார். கல்மணிகளோடு கண்ணாடி மணிகளும் அங்கே செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவது அதன் முறை. இவ்வகைச் சிறுமணிகள் தென்கிழக்காசியா தொட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கிடைத்துள்ளன. அரிக்கமேடு மண்ணுள் மறைந்த பின்னும், ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் அம்முறை அண்மைக்காலம் வரை கைமாறி வந்திருக்கிறது.

கண்ணாடி மணி போலியன்று. அது தன் பெயரால் விற்கப்படும் வரை. பெயர் மாறும்போதுதான் போலியாகிறது. இந்தியாவில் பளிங்குக்குச் சாயமேற்றிப் பச்சைக்கல் என விற்கிறார்கள் என்று, முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி அன்றே எழுதி வைத்துவிட்டார்! மகளின் முதல் வினா ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதை இதனால் உணரலாம்.

இலங்கையின் மாணிக்கம்

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, அத்தீவுப் பெண்கள் பல நிற மாணிக்கங்களைக் கோத்துக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்ததையும், மன்னரின் பணிப்பெண்கள் அவற்றை வலைபோலப் பின்னித் தலையில் இட்டிருந்ததையும் எழுதுகிறார். நூறு பணம் பெறும் கல்லை மன்னர் விலைகொடுத்து எடுத்துக்கொள்வார். அதனினும் குறைந்தது கண்டெடுத்தவர்க்கே உரியது என்ற வழக்கையும் குறிக்கிறார். அங்கிருந்துதான் அவர் மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்து, மதுரை சுல்தானைக் கண்டார்.

காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் முத்திலும் இரத்தினக் கல்லிலும் பெயர்பெற்றது இக்கடல்வழித் தொடர்பினால்தான். இலங்கையில் பேருவளை முஸ்லிம்கள் இன்றும் இவ்வணிகத்தில் முன்னிற்கின்றனர். கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டி, பகல் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்து விலை சொல்லும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களது மூலதனம் பணமன்று, சொல்.

பாம்பின் கழுத்தில் மரகதம்

இனி இரண்டாம் வினா. கல்லுக்கு ஆற்றல் உண்டா?

973இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, கஜ்னியின் சுல்தான் மவ்தூதுக்காக இரத்தினங்களைப் பற்றி ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலை எழுதினார். நீலக்கல்லின் எடையை நூறு எனக் கொண்டு, அதே பருமனுள்ள பிற கற்களின் எடையை நீரின் துணையால் அளந்து ஒப்பிட்டார். நிறம் ஏமாற்றும், எடை ஏமாற்றாது என்பது அவரது நெறி.

மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் அவிந்துவிடும் என்று அக்காலத்து நூல்கள் ஒருமுகமாகக் கூறின. அல்பிரூனி அதை நம்பவுமில்லை; வாளா மறுக்கவுமில்லை. பாம்பொன்றைப் பிடித்து அதன் கழுத்தில் மரகத மாலையைச் சுற்றினார். கூடையில் மரகதத்தைப் பரப்பினார். அதன் முன்னே மரகதச் சரத்தை ஆட்டிக் காட்டினார். வெயிலிலும் குளிரிலும் ஒன்பது மாதம் இவ்வாறு செய்தும் பாம்பின் கண்ணுக்கு ஊறொன்றும் நேரவில்லை. பார்வை கூர்மையடையாமல் இருந்தால் சரி என்று நகைச்சுவையாக முடிக்கிறார்.

இதைக் கேட்டு மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நாமும் சிரித்தோம். ஆனால் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் ஒரு முஸ்லிம் அறிஞர் சோதித்துத் தள்ளியதை ஒத்த நம்பிக்கைகளை நாம் இன்னும் கழுத்தில் சுமப்பது சிரிப்புக்குரியதா? அகீக் மோதிரம் அணிவதன் சிறப்பாகக் கூறப்படும் அறிவிப்புகளை இப்னுல் ஜவ்ஸி போன்ற ஹதீஸ் கலை வல்லுநர்கள் புனைந்துரைகளின் வரிசையில் சேர்த்துள்ளனர். அழகுக்காக அணிவதற்குத் தடையில்லை; காப்பாற்றும் என்று அணிவதற்கு ஆதாரமில்லை. காப்பவன் அல்லாஹ் ஒருவனே.

மணியின் மறுபக்கம்

சொல்லாமல் விட முடியாதது ஒன்று உண்டு. அகீக்கைச் சாணையில் தீட்டும்போது எழும் நுண்தூசி, மூச்சோடு உட்சென்று நுரையீரலைக் கல்லாக்கும். சிலிகோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு முழுத் தீர்வு தரும் மருந்து இல்லை. கம்பாத்தின் மணித்தொழிலாளரிடையே இந்நோய் பரவியிருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. வீடுகளிலேயே நடைபெறும் தொழிலாதலின் தொழிற்சாலைச் சட்டத்தின் காவல் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. சாணை பிடிப்பவர் மட்டுமன்றி, அதே கூரையின் கீழ் சமைக்கும் பெண்களும் விளையாடும் குழந்தைகளும் அத்தூசியைச் சுவாசிக்கின்றனர். நீர் தெளித்துத் தீட்டுவதும், தூசியை உறிஞ்சும் கருவி பொருத்துவதும் இத்தீங்கைக் குறைக்கும். ஆனால் மணிக்கு நாம் கொடுக்கும் அற்ப விலையில் அதற்கு இடம் எங்கே?

மணியை மலிவாக வாங்கினோம் என்று மகிழும்போது, அம்மலிவை யார் செலுத்தினார் என்று கேட்பதும் ஈமானின் ஒரு கூறென்றே நாம் கருதுகிறோம்.

மூன்றாம் வினா

அசல்தானா என்பதற்கு எளிய சோதனைகள் சில உண்டு. அகீக் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி அகீக்கைக் கீறாது. கண்ணாடியினுள் உருப்பெருக்கியால் நோக்கின் சிறு காற்றுக்குமிழிகள் தென்படலாம். அகீக்கில் அவை இரா. ஆனால் நிறமற்ற கல்லுக்குச் சாயமேற்றும் கலை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் இடார் நகரில் நன்கு வளர்ந்துவிட்டமையால், கல் மெய்யாயினும் நிறம் பொய்யாக இருக்கலாம். அதனை அறிய நிபுணரிடமே செல்ல வேண்டும்.

விற்கலாமா என்பதற்கு விடை எளிது. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட செய்தியை மகள் மதரஸாவிலேயே படித்தவள். தெரிந்ததைத் தெரிந்ததென்றும் தெரியாததைத் தெரியாதென்றும் சொல்லி விற்றால் அது ஹலாலான உழைப்பு.

மறுநாள் அவள் அந்தப் பெண்மணியிடம் சென்று, “மாமி, இது கல்தான், சாயம் போட்டதா என்று எனக்குத் தெரியாது. கண்ணேறுக்கு என்றால் இது வேண்டாம், அழகுக்கு என்றால் கோத்துத் தருகிறேன்” என்றாளாம். அவர் சற்று யோசித்து, “அழகுக்கே இருக்கட்டும், புள்ளே” என்றாராம்.

மாலை இப்போது முற்றத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. மணிக்கு மணி முடிச்சிடுகிறாள்.