பெயர் முந்தியது, காரணம் பிந்தியது: அசட்டு வில்லன்களின் ஒரு மறுவரலாறு

1959 பிப்ரவரித் தேதியிட்ட பேட்மேன் 121ஆம் இதழில் மிஸ்டர் ஜீரோ என்றொரு குற்றவாளி அறிமுகமாகிறான். உறைவிக்கும் துப்பாக்கி ஒன்றை உருவாக்கும்போது நேர்ந்த விபத்தின் விளைவாக, பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் மட்டுமே அவனால் உயிர்வாழ இயலும். குளிரூட்டப்பட்ட உடை அணிந்து அவன் கொள்ளையடிப்பது வைரங்களை. ஆங்கிலக் கொச்சை வழக்கில் பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லே வைரத்தையும் குறிக்கும். இந்தச் சிலேடைக்கு அப்பால் அவனுடைய குற்றத்துக்கு நோக்கம் எதுவும் தரப்படவில்லை. இறுதியில் நீராவி பட்டு அவனுடைய நோயும் தீர்ந்துவிடுகிறது, கதை முடிகிறது. இந்தப் பாத்திரம்தான் 33 ஆண்டுகளுக்குப் பின், மிஸ்டர் ஃப்ரீஸ் என்னும் பெயரில், அமெரிக்கச் சித்திரக்கதை மரபின் மிகத் துயரமான வில்லன்களுள் ஒருவனாக மதிக்கப்பட்டது. இம்மாற்றத்தை ஒரு தனி எழுத்தாளரின் திறமையாக மட்டும் விளக்கிவிட முடியாது. அசட்டு வில்லன் எவ்வாறு உருவானான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பேட்மேன் கதைகளின் வில்லன்கள் தொடக்கத்தில் அசடர்களாக இல்லை. 1940இல் பேட்மேன் முதல் இதழில் தோன்றிய ஜோக்கர் ஒரு கொலைகாரன். 1954 நிலைமையை மாற்றியது. உளவியல் மருத்துவர் பிரெட்ரிக் வெர்தம், சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றத்துக்குத் தூண்டுகின்றன என்று வாதிட்ட நூல் அவ்வாண்டில் வெளியானது. அமெரிக்கச் செனட்டின் இளங்குற்றவாளிகள் குறித்த துணைக்குழுவும் விசாரணை நடத்தியது. அரசு தலையிடுமுன் தாமே முந்திக்கொண்ட பதிப்பாளர்கள் சங்கம் அமைத்து, அக்டோபரில் காமிக்ஸ் விதித்தொகுப்பை ஏற்றனர். அதன் முத்திரை இல்லாத இதழ் கடைகளைச் சென்றடைவது அரிதாயிற்று.

அவ்விதிகளுள் இரண்டு இங்கு முக்கியமானவை. குற்றவாளியின்பால் பரிவு தோன்றும் வகையில் குற்றத்தைச் சித்திரிக்கலாகாது என்பது ஒன்று. காவலர், நீதிபதி, அரசு அலுவலர், மதிப்புமிக்க நிறுவனங்கள் ஆகியோர்மீது மதிப்புக் குறையும்படி எழுதலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது அவற்றின் முழு விளைவு புலப்படும். குற்றவாளி ஏன் அவ்வாறு ஆனான் என்று கேட்டால் பரிவு பிறக்கலாம். அவனை அந்நிலைக்குத் தள்ளியவர் யார் என்று கேட்டால் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல நேரலாம். இரு கேள்விகளும் தடுக்கப்பட்டபின் வில்லனிடம் எஞ்சியவை உடை, கருவி, பெயர் ஆகியவை மட்டுமே.

தமிழ் இலக்கண மரபு இதனை விளங்கிக்கொள்ள ஒரு வழி தருகிறது. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கிறது. காரணப்பெயரில் பொருளின் தன்மை முந்தியது. பெயர் அதன்வழி வருவது. மேலோட்டமாகப் பார்த்தால் அசட்டு வில்லன்களின் பெயர்கள் யாவும் காரணப்பெயர்களே. ஆனால் அங்கே வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. முதலில் பெயர் கிடைக்கிறது. பின்னர் அப்பெயருக்கு ஏற்ற குற்றங்கள் தைக்கப்படுகின்றன. 1958இல் தோன்றிய காலண்டர் மேனின் இயற்பெயர் ஜூலியன் டே. அப்பெயரே நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. பருவத்துக்கேற்ப உடை மாற்றிக் குற்றம் புரிவதே அவன் வாழ்க்கை. 1962இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 300ஆம் இதழில் வந்த போல்கா டாட் மேனின் உடையிலுள்ள வண்ணப் புள்ளிகள் ஆயுதங்களாகவும் ஊர்தியாகவும் மாறும். ஏன் புள்ளிகள் என்ற கேள்வியை அக்கதை எழுப்புவதே இல்லை.

1992 செப்டம்பரில் பேட்மேன் அசைவூட்டத் தொடரில் ஒளிபரப்பான 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' இவ்வரிசையை நேராக்கியது. பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கிய அப்பகுதியில் விக்டர் ஃப்ரீஸ் ஓர் அறிவியலாளன். தீரா நோயுற்ற மனைவி நோராவை, மருந்து கண்டறியும்வரை உறைநிலையில் காத்துவைக்க முயல்கிறான். ஆய்வுக்குப் பயன்பட்ட கருவிகள் நிறுவனத்தின் சொத்து; செலவைக் காரணங்காட்டி அதன் தலைவர் ஃபெரிஸ் பாயில் ஆய்வை நிறுத்த உத்தரவிடுகிறார். அப்போது நேர்ந்த மோதலில் வேதிப்பொருள்களின்மேல் தள்ளப்பட்ட விக்டர், குளிரன்றி வாழ முடியாதவன் ஆகிறான். அதே பாயில் மனிதநேய விருது பெறும் மேடையில்தான் கதை உச்சமடைகிறது. பேட்மேன் ஃப்ரீஸைப் பிடித்த கையோடு, பாயிலின் செயலைக் காட்டும் பதிவைச் செய்தியாளரிடம் ஒப்படைக்கிறான்.

காமிக்ஸ் விதித்தொகுப்பு தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்தவில்லை. அச்சிலும் அது 1971இல் தளர்ந்திருந்தது. ஆயினும் 1954 தடுத்த இரு கேள்விகளையும் இக்கதை ஒருசேரக் கேட்கிறது என்பதே அதன் வரலாற்றுப் பொருள். ஃப்ரீஸிடமிருந்து தொடங்கும் காரணம், மதிப்புமிக்கதொரு நிறுவனத்தின் வாயிலில் சென்று நிற்கிறது.

அசட்டுத்தனம் நீக்கப்படவில்லை என்பதும் கவனத்துக்குரியது. உறைவிக்கும் துப்பாக்கியும் கண்ணாடித் தலைக்கவசமும் அப்படியே உள்ளன. சளி பிடித்த பேட்மேனுக்காகக் குடுவையில் கொடுத்தனுப்பப்பட்ட சூடான கோழி சூப்பே இறுதியில் அத்தலைக்கவசத்தை உடைக்கிறது. மாறியது பேச்சு. மைக்கேல் அன்சாராவின் குரல் ஏற்ற இறக்கமற்றது; உணர்ச்சி உறைந்துபோன ஒருவனின் குரல்.

இதன் மறுபக்கம் 1997இல் வெளிவந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' திரைப்படத்தில் தெரியும். நோரா, அவளது நோய், உறைநிலை அனைத்தும் அதிலும் உண்டு. ஆனால் ஸ்வார்ஸ்நேகரின் ஃப்ரீஸ் வாய்திறக்கும்போதெல்லாம் குளிர், பனி பற்றிய சிலேடைகளே வருகின்றன. துயரக் கதை இருந்தும் பாத்திரம் மீண்டும் நகைப்புக்குரியதாயிற்று. சோகமான முன்கதை ஒன்றைச் சேர்த்தாலே போதும் என்ற எளிய முடிவை இப்படம் மறுக்கிறது. பாத்திரத்தின் மொழி அக்காரணத்திலிருந்து பிறக்க வேண்டும். மொழி மீண்டும் பெயரிலிருந்து பிறந்தால் 1959க்கே திரும்ப நேரும்.

பரிவு ஒன்றே வழி என்றும் கொள்ள வேண்டியதில்லை. 1987இல் தொடங்கிய 'சூசைட் ஸ்குவாட்' இதழ்களில் ஜான் ஆஸ்ட்ரண்டர் கேப்டன் பூமராங்கை எடுத்தாண்டார். 1960இல் தோன்றிய இவன் பூமராங் எறிந்து கொள்ளையடிப்பவன். ஆஸ்ட்ரண்டர் அவனுக்குத் துயரமான முன்கதையைத் தந்து நல்லவனாக்க முயலவில்லை. அற்பனாகவும் கோழையாகவும் இனவெறியனாகவுமே விட்டுவைத்தார். மாறாக, அவனை வைத்த இடத்தை மாற்றினார். தண்டனைக் குறைப்புக்கு ஈடாகச் சிறைக்கைதிகளை உயிராபத்தான பணிகளுக்கு அனுப்பும் அரசுத் திட்டம் அது. செத்தாலும் கேட்பாரற்றவர் என்பதே அவர்களுடைய தகுதி. எவரும் பொருட்படுத்தாத வில்லன் என்ற இதழியல் உண்மை, எவரும் பொருட்படுத்தாத கைதி என்ற அரசியல் உண்மையாக மாறியது.

2021இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'தி சூசைட் ஸ்குவாட்' திரைப்படத்தில் போல்கா டாட் மேனுக்கும் காரணம் கிடைத்தது. அறிவியலாளரான தாய் தன் பிள்ளைகளையே சோதனைப் பொருளாக்குகிறாள். தொற்றிய நோயால் அவன் உடலில் புள்ளிகள் திரள்கின்றன. அவற்றை நாள்தோறும் வெளியேற்றாவிடில் உயிர் தங்காது. 59 ஆண்டுகள் வேடிக்கையாக இருந்த புள்ளிகள் உடற்பிணியாயின.

இம்முயற்சிகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. பல மறுவாசிப்புகள் அசடு என்ற இடத்தில் பித்து என்று எழுதிவிட்டு நின்றுவிடுகின்றன. 2012இல் வெளிவந்த பேட்மேன் ஆண்டுமலர், நோரா விக்டரின் மனைவியே அல்லள், அது அவனது மனமயக்கம் என்று திருத்தியது. கதைத் திருப்பம் என்ற அளவில் அது எதிர்பாராதது. ஆனால் அதன்பின் விக்டரின் துயரத்துக்கு வெளியே தேட எதுவும் இல்லை. காரணம் அவன் மண்டைக்குள் அடைக்கப்பட்டுவிட்டது. மனநோயைக் குற்றத்தின் விளக்கமாக வைப்பது நோயுற்றோர்க்கு இழைக்கும் அநீதி என்பதோடு, 1954இன் விதி செய்த வேலையை வேறு வகையில் தொடர்வதுமாகும்.

2011 ஜனவரியில் டிசி நிறுவனம் விதித்தொகுப்பின் முத்திரையைக் கைவிட்டது. விதி போயிற்று, அது உருவாக்கிய பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. அவர்களைக் குழந்தைத்தனத்தின் எச்சங்களாக மட்டும் ஒதுக்குவோர், ஒரு தணிக்கையின் விளைவை அப்பாத்திரங்களின் இயல்பாகக் கொள்கின்றனர். வெகுமக்கள் பண்பாட்டை ஆராயும் மாணவர் இத்தகைய வில்லன் ஒருவனை எதிர்கொள்ளும்போது கேட்கத்தக்கவை இரண்டு. இவனுக்குக் காரணம் கற்பிப்பதை எந்த விதி, எந்த ஆண்டில் தடுத்தது? பிற்பாடு கற்பிக்கப்பட்ட காரணம் அவனோடு நின்றுவிடுகிறதா, அல்லது அவனுக்கு அப்பால் யாரையேனும் சுட்டுகிறதா?