ஃபிளாஷ் எட்டாத தூரம்

பொங்கல் நெருங்கினால் தாம்பரம் சுற்றுவட்டாரத்துச் சுவர்களில் போஸ்டர்கள் ஏறத் தொடங்கும். மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி, மின்னொளி கைப்பந்து, இடம் இருக்கும் ஊர்களில் ஏழு பேர் ஆடும் கால்பந்து. அகால மரணமடைந்த நண்பன் ஒருவனின் பெயரில் நினைவுக் கோப்பை இருக்கும். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, முன்னின்று நடத்தும் இளைஞர் மன்றத்தின் பெயர் எல்லாம் இருக்கும். முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் பக்கமெல்லாம் பள்ளி மாணவர்கள் பெரியவர்களோடு மோதி ஆட்டம் பழகியது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

அந்த ஆட்டங்களின் பழைய படங்கள் யார் வீட்டிலாவது கிடைத்தால் பார்க்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் யாரும் ஆடிக்கொண்டிருக்க மாட்டார்கள். சிறப்பு விருந்தினர் சால்வையோடு நிற்பார். கேப்டன் கோப்பையை வாங்குவார். அணி முழுக்கத் தோளில் கை போட்டு வரிசையாக நிற்கும், பின்னால் முழுக் கருப்பு. பந்து இருந்தால் அது யார் காலடியிலோ அசையாமல் கிடக்கும். ஒரு மணி நேரம் ஓடி, விழுந்து, சண்டை போட்டு ஆடிய ஆட்டத்தில் மிஞ்சியது பரிசளிப்பு மட்டும். படம் பிடித்தவரின் அக்கறைக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்க முடியாது என்பதை அவருக்கு முன்பே வெளிச்சம் முடிவு செய்திருந்தது.

மின்விளக்கில் கால்பந்து ஆடுவது கிட்டத்தட்ட மின்விளக்கின் வயதே கொண்ட பழக்கம். 1878 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆர்க் விளக்குகளை உயரத்தில் ஏற்றி ஓர் ஆட்டம் நடத்தினார்கள். 1892-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில் அவர்கள் பாணிக் கால்பந்தை இரவில் ஆடிப் பார்த்தபோது வெளிச்சம் போதாமல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி ஆட்டம் அந்த நாட்டுச் சிற்றூர்களின் பெரிய திருவிழாவாகவே ஆனது. நம் பக்கம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளும் குடியரசு தின விளையாட்டுகளும் பகலோடு முடிந்துவிடும். இரவு ஆட்டம் பள்ளிக்கு வெளியே, ஊர்த் திடலில், மன்றங்களின் பொறுப்பில் வளர்ந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், அந்தத் தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த ஊர்களின் திடல்களுக்கு வெளிச்சம் வந்து சேர நெடுங்காலம் ஆனது. வந்தபோதும் சவுக்குக் கம்பத்தில் கட்டிய குழல் விளக்குகளாக, பிறகு ஹாலஜனாக வந்தது.

கண்ணுக்கு அந்த வெளிச்சம் போதும். காமிராவுக்குப் போதாது. ஓடுகிறவனின் கால் படத்தில் கலங்காமல் நிற்க வேண்டுமானால் ஷட்டர் ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கலாம். நல்ல லென்ஸின் துளையை 2.8 வரை திறந்து வைத்து, 400 வேகமுள்ள ஃபிலிமைப் போட்டால், திடலில் சுமார் 2,400 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. பயிற்சிக்கும் உள்ளூர் ஆட்டத்துக்கும் ஐரோப்பியத் தரவிதி கேட்பதே 75 லக்ஸ்தான். கம்பத்துக்கு இரண்டு விளக்கு கட்டிய ஊர்த் திடல் அந்த 75-ஐத் தொட்டாலே பெரிய காரியம். தேவைக்கும் இருப்புக்கும் நடுவே முப்பது மடங்கு இடைவெளி. எந்தத் திறமையாலும் அதைத் தாண்ட முடியாது.

ஆகவே ஃபிளாஷ். போட்டிக்குப் படம் பிடிக்க மன்றத்தார் அழைத்து வந்தவர் பெரும்பாலும் கல்யாணப் படம் பிடிக்கும் ஸ்டுடியோக்காரர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அப்படிப்பட்டவரின் கழுத்தில் அடிக்கடி காணக்கூடிய காமிரா யாஷிகா மேட் 124ஜி. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் பெட்டி அது. பார்வைத் திரையில் காட்சி இடவலம் மாறித் தெரியும். பந்து வலப்பக்கம் போனால் திரையில் இடப்பக்கம் போகும். 120 ரோலில் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பன்னிரண்டு படத்தில் விருந்தினர் வருகை, வீரர்கள் அறிமுகம், மூன்று பரிசுகள், மன்ற நிர்வாகிகள் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஆட்டத்துக்கென்று ஒன்றிரண்டு மிஞ்சினால் உண்டு.

அந்த ஒன்றிரண்டையும் ஃபிளாஷின் எல்லை தடுத்தது. உலகெங்கும் விற்ற விவிடார் 283 ஃபிளாஷின் வழிகாட்டி எண், 100 வேக ஃபிலிமுக்கு, மீட்டர் கணக்கில் 36. அதை லென்ஸின் துளை எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் வரும். துளையை 4-ல் வைத்தால் ஒன்பது மீட்டர். 400 வேக ஃபிலிம் போட்டால் பதினெட்டு. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல். பத்து மீட்டரில் விழும் ஒளியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் ஐம்பது மீட்டரில் நிற்பவன்மேல் விழும். அவன் படத்தில் இருக்கவே மாட்டான். ஒரு முறை அடித்த பிறகு ஃபிளாஷுக்கு மறுபடி சார்ஜ் ஏறச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் பந்து எங்கோ போயிருக்கும்.

இந்த இடத்தில் கபடியும் கால்பந்தும் பிரிகின்றன. ஆண்கள் கபடித் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கோட்டோரம் உட்கார்ந்து ஃபிளாஷ் அடித்தால் தளம் முழுக்க வெளிச்சம். ஃபிளாஷ் மின்னி மறையும் நேரம் மிகக் குறைவு என்பதால் பாடி வந்தவனைப் பிடித்தவர்கள் அந்தரத்தில் உறைந்து நிற்பார்கள், தெறிக்கும் மண்துகள் கூடத் தெரியும். அதனால்தான் கிராமத்து இரவுக் கபடிக்கு ஓரளவு நல்ல ஆட்டப் படங்கள் இருக்கின்றன. கபடித் தளத்தைவிடப் பல மடங்கு பெரிய திடலில் ஆடும் கால்பந்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்தவருக்கு முன்னால் எதேச்சையாக நடந்தது மட்டும் படமானது. நடுத்திடலில் மூன்று பேரை ஏய்த்துப் போனவன், இடது ஓரத்தில் ஆட்டம் முழுக்க ஓடியவன், பாய்ந்து பறித்த தடுப்பாட்டக்காரன் யாருக்கும் படம் கிடையாது. ஆட்டத்தை உண்மையில் ஆடியவர்கள் அவர்கள்தான்.

ஃபிலிமும் சுலபமாகக் கிடைக்கவில்லை. கோடாக்கின் டிரை-எக்ஸ் 1954-ல் 35 மி.மீ. சுருளாக வந்தபோது இரவுப் படப்பிடிப்பே மாறியது என்பார்கள், ஆனால் இங்கே அன்னியச் சரக்கின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அந்தக் குறையைப் போக்கத்தான் 1960-ல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் பிறந்தது. பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கருப்பு வெள்ளைச் சுருள்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் இருட்டறைகளில் நெடுங்காலம் புழங்கின. வெளிச்சம் போதாத இரவுகளுக்கு இருட்டறையில் ஒரு கைவைத்தியம் இருந்தது. 400 வேக ஃபிலிமை 1600 என்று பாவித்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவைப்பது. படம் வரும், மணல் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக வரும், முகத்தின் நிழல்பக்கம் காணாமல் போகும். பத்திரிகைக்காரர்கள் அதைச் செய்தார்கள். காசு கொடுத்த மன்றத்தாரிடம் முகம் தெரியாத படத்தை எந்த ஸ்டுடியோக்காரரும் நீட்ட முடியாது.

பத்திரிகைகளுக்குப் பெரிய மைதானம் இருந்தது. 1947-ல் ‘தி ஹிந்து’ குழுமம் தொடங்கிய ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ வார இதழும், 1978-ல் வந்த ‘ஸ்போர்ட்ஸ்டார்’ இதழும் சென்னையை விளையாட்டுப் படங்களின் நல்ல பட்டறையாக்கின. 1993-ல் திறந்த ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம், 1995 டிசம்பரில் நடந்த தெற்காசிய விளையாட்டுகள், 1996 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் எழுந்த விளக்குக் கோபுரங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து இரவு ஆட்டத்தை இந்நகரத்துக் காமிராக்களுக்குப் பழக்கின. அங்கும் நேரம் நெருக்கியது. ஃபிலிமைக் கழுவி, உலர்த்தி, பிரிண்ட் போட்டு வெளியூர்ப் பதிப்புக்குச் சேர்க்க வேண்டுமென்றால் இடைவேளைக்கே கிளம்பியாக வேண்டும். காலைப் பேப்பரில் முதல் பாதிப் படமும் கடைசி நிமிட கோலைப் பற்றிய செய்தியும் அருகருகே வந்ததற்குக் காரணம் அது. மேலைநாட்டுப் பணக்கார இதழ்கள் அரங்கின் கூரையிலேயே ராட்சத ஃபிளாஷ்களைக் கட்டின. 1965-ல் குத்துச்சண்டையில் லிஸ்டனை வீழ்த்தி நிற்கும் முகமது அலியை நீல் லீஃபர் எடுத்த வண்ணப்படம் அப்படி வந்தது. திறந்தவெளித் திடலில் கூரைக்கு எங்கே போவது?

2007-ல் நிகான் டி3 வந்தது. 6400 வேகத்தில் சுத்தமான படம், வேண்டுமானால் 25,600 வரை இழுக்கலாம். நூற்றாண்டுக்கும் மேலான தடை சட்டென்று உடைந்தது. 2014-ல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி நேரு அரங்கில் இறங்கியபோது, ஓர் இரவில் ஆயிரக்கணக்கான கூர்மையான படங்கள் சாதாரண விஷயமாகியிருந்தன. பிறகு புறநகரெங்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் திடல்கள் வந்தன. பள்ளி விட்டு, ட்யூஷன் முடித்து, இரவு ஒன்பது மணிக்கு எல்இடி வெளிச்சத்தில் ஆடும் பையன்களை வேலிக்கு வெளியே நிற்கும் நண்பன் செல்பேசியில் பிடிக்கிறான். எஞ்சியிருக்கும் தொல்லை விளக்கின் துடிப்பு. நம் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைவதால், அடுத்தடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாக, ஒன்று இருட்டாக வரும். 2014-ல் வந்த கேனன் 7டி மார்க் 2 போன்ற காமிராக்கள் அந்தத் துடிப்பின் உச்சத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கக் கற்றுக்கொண்டன.

ஆனால் ஃபிலிம் காலத்துப் படங்களுக்கு முடிச்சூரில் இன்னோர் அடி விழுந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்ற வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் தப்பவில்லை. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். சேற்று நீரில் ஊறி உப்பி, காயும்போது எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகத்தோடு உரிந்து வரும். நெகட்டிவுக்கும் அதே கதிதான். சென்னைப் புறநகர் கிராமமாக இருந்த காலத்தில் அந்தத் திடல்களில் யார் ஆடினார்கள் என்பதற்கு இருந்த சொற்பச் சாட்சியும் அந்த வெள்ளத்தில் குறைந்தது.

இப்போது படங்களுக்குப் பஞ்சமில்லை, பெயர்களுக்குத்தான் பஞ்சம். பள்ளி ஆண்டுமலரில் ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்’ என்று தொடங்கி மாற்று ஆட்டக்காரன் வரை பெயர் போடுவது வழக்கமாக இருந்தது. ஸ்டுடியோ பிரிண்டின் பின்பக்கம் முத்திரை இருக்கும், சிலர் தேதியும் எழுதுவார்கள். வாட்ஸ்அப் வழியே பகிரும் படத்தில் அளவு சுருங்கி, காமிரா பதிந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. கோப்பின் பெயரில் ஒரு தேதி தங்குகிறது, அதுவும் ஆட்டம் நடந்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. போட்டி நடத்தும் மன்றங்களிடம் அணிப் பட்டியல் தாள் இருக்கிறது, பனியன் எண்ணோடு. அந்தத் தாளையும் ஒரு படமெடுத்து, அன்றிரவுப் படங்களோடு ஒரே கோப்புறையில் போட்டுவைக்க ஐந்து நிமிடம் ஆகும்.