தேத்தாங்கொட்டை முதல் ஸ்டெபிலைசர் வரை

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு மழை பெய்தால் ஓடும், அவ்வளவுதான். குளமும் ஊருணியும்தான் எல்லாம். குடிக்கிற ஊருணிக்குக் கட்டுப்பாடு தனி: கால் கழுவக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. கோடையில் வற்றியதும் தூர்வாரி, ஐப்பசி மழைக்குத் தயாராக வைப்பார்கள். மொண்டு வந்த கலங்கல் தண்ணி தெளிய, பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வித்தை இது. கொட்டையில் உள்ள பசை, மண் துகள்களைத் திரட்டி அடியில் படிய வைக்கும். கிருமிக்கு அது போதாது.

1878-ல் இங்கே திவானாக வந்த சேஷையா சாஸ்திரி நகரத்துக் குளங்களைத் தூர்வாரிச் சீர்படுத்தினார். அவர் பதவியில் இருந்தபோதே, 1884-ல், ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணியில் காலரா கிருமியைக் கண்டார். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்பது அப்போதுதான் கண்ணால் பார்க்கிற விஷயமானது. 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலந்தார்கள். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி. பிறகு நம்மூர்க் கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடர் வந்தது.

இப்போ எதுக்கு இந்தப் பழங்கதை? அன்னவாசல் பக்கம் தோட்டவீட்டில் நீச்சல் தொட்டி கட்டியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, குளோரினும் சரியாக் காட்டுது, ஆனா சுவரில் பாசி வழுக்குது, ஏன்?

நம்ம வெயிலில் வெறும் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். குதிரில் நெல்லைப் பூட்டி வைப்பதுபோல, குளோரினைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. கூடினால் குதிர் திறக்காது. சோதனைச் சொட்டு மருந்தோ பூட்டிக் கிடக்கும் குளோரினையும் சேர்த்தே காட்டும்.

அவர் போடுவது 200 கிராம் டிரைகுளோர் மாத்திரை. அதற்குள்ளேயே ஸ்டெபிலைசர் பாதிக்கு மேல் இருக்கிறது. தொட்டி 50,000 லிட்டர். கணக்குப் போட்டேன்: ஒரு மாத்திரைக்கு 2.2 பிபிஎம் ஏறும். இரண்டு நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் 100 பிபிஎம். அப்போது குளோரினை 7.5 பிபிஎம் அளவில் வைத்தால்தான் வேலை செய்யும். அவர் வைத்திருந்தது 2.

இந்த அமிலம் வெயிலில் சிதையாது, மணல் ஃபில்டரில் நிற்காது. தண்ணி ஆவியானாலும் அது தங்கிவிடும். குறைந்த அளவுக்கு போர் தண்ணி ஊற்றினாலும் குறையாது. பாதித் தண்ணியை இறக்கினால் பாதியாகும். ஊருணிக்குத் தூர்வாருவதுபோல இதற்கும் அதே வழிதான் என்று சொன்னபோது சிரித்தார். 25,000 லிட்டர் என்றதும் சிரிப்பு நின்றது. இந்தப் பக்கம் போர் போட்டவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் ஓரளவு குறையும். அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டு, ஸ்டெபிலைசர் கலக்காத திரவக் குளோரினை மாலையில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். இறக்குவதானால் சில நாள் குளோரின் போடாமல் விட்டு, அது இறங்கினதும் இறக்க வேண்டும். ஊருணிப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க.